பட்டியலில் இல்லாதது சர்வரில் இருந்தால்: பப்பெட் பர்ஜ் பிழைகள், அறிகுறி வாரியாக

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரத்தில் ஒரு சின்ன டீம் பார்த்துக்கொள்ளும் சர்வர்களை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. ஹோட்டலாக மாறிய பழைய வீடுகளின் புக்கிங், ஆத்தங்குடி டைல் விற்கும் தளம், கண்டாங்கிச் சேலைக் கடை, ஒரு கல்லூரியின் ஃபைல் சர்வர். பாதி கிளவுடில், பாதி அந்தந்தக் கட்டிடத்துக்குள் யுபிஎஸ் பக்கத்தில். எல்லாம் லினக்ஸ், எல்லாவற்றையும் பப்பெட் (சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று கோடில் எழுதியதை அமல்படுத்தும் கருவி) நிர்வகிக்கிறது. அதிலிருந்து 2025-இல் பிரிந்து வந்த ஓப்பன்வாக்ஸ் போட்டிருந்தாலும் இங்கே சொல்வது அப்படியே பொருந்தும். கட்டளைகளும் பாதைகளும் கீழே ஒலிப்படி தரப்பட்டுள்ளன.

மேனிஃபெஸ்டில், அதாவது பப்பெட் படிக்கும் கோடில், எழுதாததைச் சர்வரிலிருந்து நீக்கச் சொல்வதுதான் பர்ஜ். இதில் வரும் விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்: பப்பெட்டுக்குத் தெரியாதது என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று எடுத்துக்கொள்வது. நாலு பங்காளிகளின் சாமான் இருக்கும் வளவில், என் பட்டியலில் இல்லையே என்று இரண்டாங்கட்டில் கிடக்கும் பெட்டகத்தைத் தூக்கித் தெருவில் வைக்க முடியாது. சர்வரிலும் பேக்கேஜ் மேனேஜர், கிளவுட்-இனிட் (கிளவுட் சர்வரை முதல் பூட்டில் அமைப்பது), டாக்கர் (கன்டெய்னர் ஓட்டுவது), ஃபெயில்2பேன் (தவறான லாகின் முயற்சிகளைத் தடுப்பது) என்று பங்காளிகள் உண்டு. நீக்குவதற்கு முன் இது யாருடையது என்று கேட்பதுதான் பாதி வேலை.

கை வைப்பதற்கு முன்

ஏஜென்டை (சர்வரில் ஓடி மேனிஃபெஸ்டை அமல்படுத்தும் பகுதியை) நிறுத்த இரண்டு வழி உண்டு, இரண்டும் ஒன்றல்ல. ‘பப்பெட் ஏஜென்ட் --டிசேபிள்’ கொடுத்தால் தானாக ஓடும் ரன் மட்டுமல்ல, நீங்கள் கையால் கொடுக்கும் ரன்னும் நிற்கும், நூப் (எதையும் மாற்றாமல் காட்ட மட்டும் செய்யும்) ரன் உட்பட. அப்படியே விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால் அது சரி. ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யப் போகிறீர்கள் என்றால் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் பப்பெட்’ போதும்: 30 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ரன் நிற்கும், கை ரன் ஓடும். மேனிஃபெஸ்டிலேயே பப்பெட் சர்வீஸ் ‘ரன்னிங்’ என்று இருந்தால் முதல் கை ரன்னே அதை மறுபடி எழுப்பிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘பப்பெட் ஏஜென்ட் -டி --நூப்’. எது நீங்கப் போகிறதோ அது ‘பிரசென்ட்’ இலிருந்து ‘ஆப்சென்ட்’ ஆக வேண்டும் என்று வரிவரியாகக் காட்டும், எதையும் தொடாது. ஒரே ஒரு ஓட்டை: ஏதாவது ரிசோர்ஸில் (மேனிஃபெஸ்டில் எழுதும் ஃபைல், யூசர், கிரான் என ஒவ்வொன்றும் ஒரு ரிசோர்ஸ்) ‘நூப் => ஃபால்ஸ்’ என்று யாராவது எழுதி வைத்திருந்தால், கட்டளையில் கொடுத்த நூப்பை அது மீறும். கோடில் அந்தச் சொல்லை ஒருமுறை தேடிவிட்டுத் தொடங்குவது நல்லது.

அறிகுறி: கோடிலிருந்து எடுத்தாயிற்று, சர்வரில் இன்னும் ஓடுகிறது

முகப்பு-1 என்ற சர்வரில் இரவு 2 மணிக்கு ஓடும் பேக்கப் கிரானை (நேரம் குறித்து வைத்து ஓடும் வேலையை) மேனிஃபெஸ்டிலிருந்து அழித்தீர்கள். ஒரு வாரம் கழித்தும் அது ஓடுகிறது. இது பிழையே அல்ல. ஒரு ரிசோர்ஸைக் கோடிலிருந்து எடுத்தால் பப்பெட் அதை மறந்துவிடுகிறது, அவ்வளவுதான். அழி என்று யாரும் சொல்லவில்லை.

‘கிரான்டேப் -எல்’ எடுத்துப் பாருங்கள். பப்பெட் போட்ட ஒவ்வொரு வரிக்கும் மேலே ‘பப்பெட் நேம்:’ என்று தொடங்கும் கமென்ட் வரி இருக்கும். அது இருந்து, அந்தப் பெயர் கோடில் இல்லையென்றால் அதுதான் அநாதை.

நேர்வழி: கோடை அழிக்காமல் முதலில் ‘என்ஷூர் => ஆப்சென்ட்’ என்று மாற்றுங்கள். எல்லா சர்வரும் ஒருமுறையாவது ரன் முடித்த பிறகு அழியுங்கள். எல்லா சர்வரும் என்பதுதான் இங்கே கழுத்தைப் பிடிக்கும். சீசன் இல்லாத மாதங்களில் அணைத்து வைக்கும் ஹோட்டல் சர்வர் ஒன்று இருந்தால், அது எழும்போது உங்கள் ‘ஆப்சென்ட்’ கோடில் இருக்காது, பழைய கிரான் தன் பாட்டுக்கு ஓடும். இப்படி அடிக்கடி அணைக்கப்படும் சர்வர்கள் இருந்தால்தான் பர்ஜ் உண்மையில் தேவைப்படுகிறது: ‘ரிசோர்ஸஸ்’ என்ற மெட்டாடைப்பில் ‘கிரான்’ என்று எழுதி, ‘பர்ஜ் => ட்ரூ’.

போடுவதற்கு முன் ‘பப்பெட் ரிசோர்ஸ் கிரான்’ கொடுங்கள். ‘அன்மேனேஜ்டு:’ என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் பர்ஜில் போகும். பப்பெட் 4 முதல் இது ரூட்டின் கிரான்டேப்பை மட்டுமல்ல, எல்லா யூசர்களின் கிரான்டேப்பையும் துடைக்கும். டைல் தளத்தின் டெவலப்பர் தன் கணக்கில் போட்டு வைத்த இன்வாய்ஸ் கிரானும் அதில் அடக்கம். அவரிடம் கேட்டு அதை மேனிஃபெஸ்டுக்குள் கொண்டுவந்த பிறகு பர்ஜைப் போடுங்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு: ஒரே வேலை இரண்டு முறை ஓடுவது. கிரான் ரிசோர்ஸின் பெயரையும் நேரத்தையும் ஒரே கமிட்டில் மாற்றினால் பழைய வரி பழைய பெயரோடு தங்கிவிடும், புதியது பக்கத்தில் சேரும். பெயரை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றினால் இது வராது.

அறிகுறி: பர்ஜ் போட்டேன், ஒன்றும் நீங்கவில்லை

கிரானில் இது வந்தால் முதலில் இடத்தைப் பாருங்கள். கிரான் ரிசோர்ஸ் தொடுவது யூசர்களின் கிரான்டேப்பை. /இடிசி/கிரான்.டி உள்ளே இருப்பவை வெறும் ஃபைல்கள், அவற்றைக் கிரான் பர்ஜ் கண்ணெடுத்தும் பார்க்காது.

ஃபோல்டரில் வந்தால் ‘பர்ஜ்’ மட்டும் எழுதி ‘ரிகர்ஸ் => ட்ரூ’ விட்டுப்போயிருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஃபைல்கள் போய் உள்ஃபோல்டர்கள் மட்டும் நிற்கின்றனவா? ‘ஃபோர்ஸ் => ட்ரூ’ இல்லாமல் டைரக்டரியைப் பப்பெட் நீக்காது. இந்தத் தயக்கம் நல்லதுக்குத்தான். உள்ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஃபோர்ஸைப் போடாதீர்கள். ‘இக்னோர்’ பட்டியலில் பொருந்தும் பெயர்களும் தப்பித்துக்கொள்ளும். நட்சத்திரக் குறி போட்ட ஒரு பேட்டர்ன் நினைத்ததைவிட அதிகமானவற்றுக்குப் பொருந்திவிடுவது சகஜம்.

‘ரிசோர்ஸஸ்’ இல் கொடுத்த டைப்பே பிழை காட்டி மறுத்தால், அந்த டைப்புக்குச் சர்வரில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு வாங்கும் வசதியோ, ‘என்ஷூர்’ பண்போ இல்லை என்று பொருள். ‘ஃபைல்’ டைப்புக்கும் ‘ரிசோர்ஸஸ்’ பர்ஜ் பயன்படாது. டிஸ்கில் உள்ள எல்லா ஃபைலையும் பட்டியல் போடு என்று யாரும் கேட்க முடியாதல்லவா.

எஸ்எஸ்ஹெச் சாவிகளுக்கு வழி வேறு. யூசர் ரிசோர்ஸிலேயே ‘பர்ஜ்_எஸ்எஸ்ஹெச்_கீஸ் => ட்ரூ’ என்று கொடுக்க வேண்டும். மேனிஃபெஸ்டில் இருக்கும் யூசருக்கு மட்டுமே இது பலிக்கும். வேலையை விட்டுப் போனவரின் சாவி பொதுக் கணக்கான ‘டிப்ளாய்’ இல் இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அறிகுறி: வேண்டியதும் சேர்ந்து போய்விட்டது

இங்கே நிதானம் வேண்டும். திரும்பக் கொண்டுவருவது முதல் வேலை, காரணம் தேடுவது அப்புறம்.

ஏஜென்டை நிறுத்துங்கள். ரன் லாகில் ‘ஃபைல்பக்கெட்டட்’ (நீக்கும் முன் நகல் சேமித்தாயிற்று) என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த வரியிலேயே ஃபைலின் செக்சம் இருக்கும். ‘பப்பெட் ஃபைல்பக்கெட் --லோக்கல் ரெஸ்டோர்’ கொடுத்து, பாதையையும் செக்சமையும் எழுதினால் ஃபைல் அதே இடத்தில் திரும்பும். ஆனால் பப்பெட் 7 முதல் ‘பேக்கப்’ என்பது இயல்பாகவே ‘ஃபால்ஸ்’. அதற்கு முன்பு தானாக நடந்த இந்தச் சேமிப்பு இப்போது கேட்டால்தான் நடக்கும். ஆகவே பர்ஜ் போடும் ஒவ்வொரு ஃபைல் ரிசோர்ஸிலும் ‘பேக்கப் => பப்பெட்’ என்று வெளிப்படையாக எழுதுவதைப் பழக்கமாக்குங்கள். 6 இலிருந்து ஏறி வந்த டீம்கள் இதைத்தான் கோட்டை விடுகின்றன. பழைய நம்பிக்கை அப்படியே இருக்கும், பக்கெட் காலியாக இருக்கும்.

பக்கெட்டில் இல்லை, போனது பேக்கேஜின் ஃபைல் என்றால்: டெபியன், உபுண்டுவில் சும்மா ரீஇன்ஸ்டால் செய்தால் வராது. கான்ஃபிக் ஃபைலை அட்மினே வேண்டாமென்று நீக்கியிருக்கிறார் என்று டிபிகேஜி எடுத்துக்கொண்டு, அந்த முடிவை மதிக்கும். ‘ஏபிடி-கெட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்’ உடன் ‘--ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்’ என்ற டிபிகேஜி ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் காணாமல்போனது திரும்பும். ரெட்ஹேட் குடும்பத்தில் ‘டிஎன்எஃப் ரீஇன்ஸ்டால்’ போதும்.

இனி, வழக்கமாக எங்கே வழுக்குகிறது என்று.

/இடிசி/சுடோயர்ஸ்.டி. கிளவுட் சர்வரில் கிளவுட்-இனிட் இங்கே ‘90-கிளவுட்-இனிட்-யூசர்ஸ்’ என்ற ஃபைலை வைக்கும். இயல்பான யூசருக்கு சுடோ கிடைப்பது அதனால்தான். இந்த ஃபோல்டரைப் பர்ஜ் செய்தால் அந்த ஃபைல் போகும், அடுத்த நிமிடம் உங்களுக்கு ரூட் கிடையாது. பப்பெட்டுக்கான பரவலான சுடோ மாட்யூல் ஒன்றில் பர்ஜ் இயல்பாகவே ஆன் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் ‘பர்ஜ்’ என்று எங்கும் எழுதாமலேயே இது நடக்கும். அப்பாச்சி மாட்யூலும் அதே ரகம்: ‘பர்ஜ்_கான்ஃபிக்ஸ்’ இயல்பாக ‘ட்ரூ’. கையால் எழுதிய ஒரு விர்ச்சுவல் ஹோஸ்டை நம்பி ஓடும் புக்கிங் தளத்தில் முதன்முதலாக அந்த மாட்யூலைச் சேர்த்தால், முதல் ரன்னிலேயே தளம் இறங்கும். மாட்யூலைச் சேர்ப்பதற்கு முன் அதன் பாராமீட்டர் பட்டியலில் ‘பர்ஜ்’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

/இடிசி/கிரான்.டி. பேக்கேஜ்கள் தங்கள் வேலைகளை இங்கேதான் வைக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘டிபிகேஜி -எஸ்’ அல்லது ‘ஆர்பிஎம் -கியூஎஃப்’ கொடுத்துப் பாருங்கள். பேக்கேஜ் பெயர் வந்தால் அது பங்காளியின் சாமான், ‘இக்னோர்’ இல் சேருங்கள். யாருக்கும் சொந்தமில்லை என்று வருபவைதான் விசாரிக்க வேண்டியவை.

/இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம். இதை முழுதாகப் பர்ஜ் செய்யவே கூடாது என்பது எங்கள் கருத்து. எனேபிள் செய்த சர்வீஸ்களுக்கான சிம்லிங்க்குகள் ‘.வான்ட்ஸ்’ ஃபோல்டர்களில் இங்கேதான் இருக்கின்றன. ஃபோர்ஸோடு துடைத்தால் அப்போதைக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த கரண்ட் கட்டில் சர்வர் அணைந்து எழும்போதுதான் பாதி சர்வீஸ்கள் எழாதது தெரியும். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு மாதம் ஓடியிருந்தால் யாருக்கு அந்த மாற்றம் நினைவிருக்கும்?

யூசர்கள். ‘ரிசோர்ஸஸ்’ இல் ‘யூசர்’ பர்ஜ் போட்டால், சிஸ்டம் யூசர்களைப் பப்பெட் தானாகவே விட்டுவிடும்: குறைந்தபட்ச யுஐடிக்கு (யூசரின் எண்ணுக்கு) கீழே, அதாவது பழைய சிஸ்டங்களில் 500, இப்போது 1000. இதை நம்பித்தான் ஆட்கள் அடிபடுகிறார்கள். எல்லா சர்வீஸ் கணக்கும் 1000-க்குக் கீழே இல்லை. டெபியன் தனக்கென்று 60000 முதல் 64999 வரை ஒதுக்கி வைத்திருக்கிறது. விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் ‘லிப்விர்ட்-கெமு’வின் யுஐடி 64055. உபுண்டுவில் ஸ்னாப் சேர்க்கும் ‘ஸ்னாப்_டீமன்’ 584788. இவை பர்ஜின் கண்ணுக்குச் சாதாரண மனிதர்கள். ‘அன்லெஸ்_யுஐடி’ பாராமீட்டரில் இவற்றை எழுதுங்கள். வரம்பைக் கொடுக்க ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ‘ரேஞ்ச்’ ஃபங்ஷன் உதவும். எழுதுவதற்கு முன் ‘கெட்என்ட் பாஸ்டபிள்யூடி’ எடுத்து, மூன்றாவது பத்தியில் 1000-க்கு மேல் இருப்பவர்களை ஒவ்வொருவராக ஆள் யார் என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத பெயர் ஒன்று இருந்தாலும் பர்ஜ் போட நேரம் வரவில்லை.

‘ரிசோர்ஸஸ்’ வழியாகப் போடும் பர்ஜுக்கெல்லாம் பொதுவான தற்காப்பு: ‘ரிசோர்ஸஸ்’ ரிசோர்ஸில் ‘பர்ஜ் => ட்ரூ’வோடு ‘நூப் => ட்ரூ’வும் சேர்த்து எழுதுங்கள். அந்த நூப் பர்ஜால் பிறக்கும் நீக்கங்களுக்கு மட்டும் இறங்கும், மற்ற வேலைகள் வழக்கம்போல் நடக்கும். எல்லா சர்வரிலும் இப்படியே ஒரு வாரம் ஓடவிட்டு, ரிப்போர்ட்டில் வரும் பெயர்களைத் திரட்டுங்கள். வாரம் ஒருமுறை மட்டும் தலைகாட்டுபவைகூட அதில் சிக்கும். பட்டியல் சுத்தமான பிறகு நூப்பை எடுங்கள். சனி, ஞாயிறு விடுமுறையோடு கல்யாண முகூர்த்தமும் சேர்ந்து ஹோட்டல்கள் நிரம்பும் வாரத்தில் எடுக்காதீர்கள்.

அறிகுறி: ஃபயர்வால் பர்ஜுக்குப் பிறகு உள்ளே நுழைய முடியவில்லை, அல்லது கன்டெய்னர்களுக்கு நெட் இல்லை

‘ரிசோர்ஸஸ்’ இல் ‘ஃபயர்வால்’ பர்ஜ் போட்டால் மேனிஃபெஸ்டில் இல்லாத எல்லா ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதிகளும் போகும். டாக்கர் தானாகப் போட்ட நேட் விதிகள், ஃபெயில்2பேன் தடுத்து வைத்த முகவரிகள், எல்லாம் அதில் அடக்கம். கன்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கும், வெளியே போகும் வழி மட்டும் அடைந்திருக்கும். உடனடி நிவாரணம்: ஏஜென்டை நிறுத்திவிட்டு டாக்கர் டீமனை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அது தன் விதிகளை மறுபடி எழுதிக்கொள்ளும். ஏஜென்டை நிறுத்தாமல் செய்தால் அரை மணியில் பழைய கதை.

நிலையான தீர்வு, பரப்பைச் சுருக்குவது. மொத்தப் பர்ஜை எடுத்துவிட்டு ‘ஃபயர்வால்செயின்’ ரிசோர்ஸில் ‘இன்புட்:ஃபில்டர்:ஐபிவி4’ என்ற ஒரு செயினுக்கு மட்டும் பர்ஜ் கொடுங்கள், ஐபிவி6-க்கும் தனியாக ஒன்று. ஃபார்வர்ட் செயினையும் நேட் டேபிளையும் டாக்கருக்கே விட்டுவிடுங்கள். இன்புட்டில் ஃபெயில்2பேன் விதிகள் இருந்தால் ‘இக்னோர்’ இல் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொடுக்கலாம். ‘ஐபிடேபிள்ஸ்-சேவ்’ காட்டும் வரியோடு அது ஒப்பிடப்படும்.

உள்ளே நுழைய முடியாமல் போவது வரிசைப் பிரச்சினை. டிராப் பாலிசி ஏற்கனவே இருக்கிறது, எஸ்எஸ்ஹெச்சை அனுமதிக்கும் பழைய விதி முதலில் போய்விட்டது, புதியது இன்னும் வரவில்லை. அனுமதிகளை ஒரு ‘ப்ரீ’ கிளாஸிலும் கடைசித் தடையை ஒரு ‘போஸ்ட்’ கிளாஸிலும் வைத்து, மற்ற விதிகள் அனைத்தையும் இரண்டுக்கும் நடுவே கட்டுங்கள்.

தூரத்துச் சர்வரில் செய்வதாக இருந்தால் கயிறு கட்டிக்கொண்டு இறங்குங்கள். ‘ஐபிடேபிள்ஸ்-சேவ்’ வெளியீட்டை ஒரு ஃபைலில் வையுங்கள். ‘சிஸ்டம்டி-ரன் --ஆன்-ஆக்டிவ்=10எம்’ மூலம் 10 நிமிடம் கழித்து ‘ஐபிடேபிள்ஸ்-ரெஸ்டோர்’ ஓடும்படி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கை ரன் கொடுங்கள். இன்னொரு டெர்மினலில் புதிதாக எஸ்எஸ்ஹெச் போட்டு நுழைய முடிந்தால் அந்த டைமரை நிறுத்துங்கள். ஏற்கனவே திறந்திருக்கும் செஷன் வேலை செய்கிறது என்பது எதற்கும் சாட்சியல்ல, பழைய கனெக்‌ஷனை ஃபயர்வால் பெரும்பாலும் விட்டுவைக்கும்.

அறிகுறி: ஒவ்வொரு ரன்னிலும் அதே பொருள் நீங்குகிறது

இரண்டு கைகள் ஒரே ஃபைலைப் பிடித்து இழுக்கின்றன. ரிப்போர்ட்டில் நீக்கம் நடந்த நேரத்தையும், ஃபைல் மறுபடி பிறந்த நேரத்தையும் ‘ஸ்டாட்’ கொண்டு ஒப்பிடுங்கள். சர்வர் பூட் ஆன நேரத்தோடு ஒத்துப்போனால் கிளவுட்-இனிட்டைச் சந்தேகிக்கலாம். பேக்கேஜ் அப்டேட் நேரத்தோடு என்றால் ஆர்பிஎம் அல்லது டிபிகேஜி. ஒழுங்கே இல்லாமல் வந்தால் மனிதர். அப்போது /இடிசி/-இல் உள்ள அந்த ஃபோல்டரின் மேல் ‘ஆடிட்சிடிஎல் -டபிள்யூ’ வைத்துவிட்டு, யார் எழுதுகிறார் என்று ‘ஏயூசர்ச்’ இல் பாருங்கள்.

சர்ட்பாட் (ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கும் கருவி) இதில் ஒரு தனி ரகம். அதை ‘--என்ஜின்எக்ஸ்’ ஆப்ஷனோடு ஓட்டினால் விர்ச்சுவல் ஹோஸ்ட் ஃபைலுக்குள்ளேயே தன் வரிகளைச் செருகும், பப்பெட் அடுத்த ரன்னில் அழிக்கும், ஹெச்டிடிபிஎஸ் போகும். ‘சர்ட்ஒன்லி’ என்று கொடுத்து வெப்ரூட் முறையில் சான்றிதழை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். கான்ஃபிக்கைப் பப்பெட் எழுதட்டும்.

எல்டாப் யூசர்கள் (வேறிடத்தில் உள்ள மையப் பட்டியலிலிருந்து வருபவர்கள்) பட்டியலில் தெரியும் சர்வரில் யூசர் பர்ஜ் ஓடினாலும் இதே போன்ற தொல்லை வரும். லோக்கலில் இல்லாத ஆளை ‘யூசர்டெல்’ நீக்க முடியாமல் ஒவ்வொரு ரன்னும் தோற்கும். அவர்களைச் சர்வருக்குக் காட்டும் எஸ்எஸ்எஸ்டியில் ‘எனுமரேட்’டை ஆஃப் செய்யுங்கள்.

அறிகுறி: யூசர் போய்விட்டார், அவர் ஃபைல்கள் இருக்கின்றன

பர்ஜ் கணக்கை மட்டும் எடுக்கும், ஹோம் ஃபோல்டரை விட்டுவிடும். ஆபத்து அதில் இல்லை, அடுத்து வருபவருக்கு அதே யுஐடி கிடைப்பதில் இருக்கிறது: கல்லூரியின் ஃபைல் சர்வரில் புதிதாகச் சேர்ந்தவர், போனவரின் ஃபைல்களுக்கு உரிமையாளர் ஆகிவிடுவார். ‘ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -நோயூசர்’ ஓட்டி வருவதை ஆர்க்கைவ் செய்யுங்கள். யுஐடிகளை மேனிஃபெஸ்டில் எண்ணாகவே எழுதி, ஒருமுறை கொடுத்ததை மறுபடி கொடுக்காமல் இருங்கள். ‘யூசர் இஸ் கரன்ட்லி யூஸ்டு பை பிராசெஸ்’ என்று பிழை வந்தால் அவர் பெயரில் ஏதோ ஓடுகிறது, ‘பிஎஸ் -யு’ கொடுத்துப் பார்த்து நிறுத்துங்கள்.

அறிகுறி: பர்ஜ் சேர்த்த பிறகு ரன் ஆமை வேகம்

ஆயிரக்கணக்கான ஃபைல் உள்ள ஃபோல்டரில் ‘ரிகர்ஸ்’ போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு ஃபைலும் ஒரு தனி ரிசோர்ஸாகி, ரிப்போர்ட்டும் ஊதும். புதிய பதிப்புகள் 1000 தாண்டினால் எச்சரிக்கை தரும். லாக், அப்லோட், கேஷ் ஃபோல்டர்களில் பர்ஜ் வேண்டவே வேண்டாம். அங்கே ‘டைடி’ ரிசோர்ஸ் போதும்: ‘ஏஜ் => 30டி’, ‘மேட்சஸ்’ இல் ஃபைல் பேட்டர்ன், ‘ரிகர்ஸ் => 1’.

அன்சிபிளில் இதே அறிகுறிகள்

பப்பெட் போன்ற இன்னொரு கருவியான அன்சிபிளில் பொதுவான பர்ஜ் கிடையாது. பிளேபுக்கிலிருந்து (மேனிஃபெஸ்டுக்கு இணையான கோடிலிருந்து) எடுத்த டாஸ்க் சர்வரில் அப்படியே நிற்கும், ‘ஸ்டேட்: ஆப்சென்ட்’ எழுதிய டாஸ்க் ஒன்றைச் சில காலம் வைத்திருப்பது இங்கேயும் வழி. கிரான் வரிகளுக்கு மேல் ‘அன்சிபிள்:’ என்று தொடங்கும் கமென்ட் இருக்கும். டாஸ்க்கில் உள்ள ‘நேம்’ மாறினால் பழையது தங்கும், புதியது சேரும்.

ஃபோல்டரைச் சுத்தம் செய்ய ‘ஃபைண்ட்’ மாட்யூலால் இருப்பதைப் பட்டியல் எடுத்து, ‘டிஃபரன்ஸ்’ ஃபில்டரால் வேண்டியதைக் கழித்து, மிச்சத்தை ‘ஃபைல்’ மாட்யூலில் ‘ஆப்சென்ட்’ செய்யலாம். வேண்டியவற்றின் பட்டியல் ஏதோ காரணத்தால் காலியாக வந்தால் மொத்தமும் போகும். ஆகவே கழிப்பதற்கு முன் ‘அசர்ட்’ வைத்து, பட்டியலின் நீளம் 0-க்கு மேல் என்று உறுதி செய்யுங்கள். முதல் ஓட்டம் ‘--செக் --டிஃப்’ உடன்.

எஸ்எஸ்ஹெச் சாவிகளுக்கு ‘ஆத்தரைஸ்டு_கீ’ மாட்யூலில் ‘எக்ஸ்க்ளூசிவ்: ட்ரூ’ உண்டு. அதை லூப்புக்குள் போட்டால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் சாவியை அழிக்கும், ஐந்து பேருக்குப் போட்டால் கடைசி ஆள் மட்டும் உள்ளே வர முடியும். லூப்பை எடுத்துவிட்டு, எல்லாச் சாவிகளையும் வரிக்கு ஒன்றாக ‘ஜாயின்’ ஃபில்டரால் சேர்த்து ஒரே ‘கீ’ மதிப்பாகக் கொடுங்கள்.